மூன்றாம் நாள் சிவப்பு!

"எனக்க தம்பியே...!"

ப்ளோரன்ஸின் அலறல் பாறைக்குளத்தின் நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்தது.

கேரள எல்லையோரக் குன்னத்துகாலில் கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளம் அது. மழை பெய்து பெய்து குளமாகியிருந்தது. ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதிலிருந்து இரண்டு பேர் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தது...

டிக்சனை!

ப்ளோரன்ஸின் ஒரே தம்பி. ரப்பர் ஷீட் வியாபாரி ராபின்சனின் ஜீப் டிரைவர். நேற்று மத்தியானம் வரை உயிரோடு ஜீப் கழுவிக்கொண்டிருந்தவன்.

சர்க்கிள் இன்ஸ்பெக்டர் சத்தியதாஸ் தொப்பியைக் கழற்றினார். மரியாதைக்காக மட்டும் அல்ல. தலை கொதித்தது.

ஒரே வாரத்தில் இரண்டாவது பிணம்!

முதல் பிணம் ராபின்சனின் மனைவி சுகுமாரி. பட்டப்பகலில், தன் வீட்டுச் சமையலறையில், சேலைத் தலைப்பாலேயே கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தாள். அந்தக் கேஸில் இப்போது லாக்கப்பில் இருப்பவன் பத்ரோஸ். சைக்கிளில் மீன் விற்பவன்.

இதே ப்ளோரன்ஸின் புருஷன்!

"மாப்பிளய நீங்க கொண்டோண்டு போனிய..." ப்ளோரன்ஸ் சத்தியதாஸின் முன்னால் வந்து நின்றாள். ஈரத்தில் உட்கார்ந்து எழுந்ததில் சேலை முழுக்கச் சேறு. "தம்பிய இப்பிடி கொண்டோண்டு போயாச்சு. இனி எனக்கு ஆரு உண்டு ஸாரே? சொல்லுங்க... ஆரு உண்டு?"

பத்ரோஸுக்கு விலங்கு மாட்டியதே சத்தியதாஸ்தான்.

"ஸாரே... இஞ்ச பாருங்க." ஹெட் கான்ஸ்டபிள் எலியா பிணத்தின் அருகில் குனிந்தார். "கழுத்துல கை தடம்!"

பார்த்தார். பெருவிரல் இரண்டும் பதிந்த இடம் நீலமாகக் கன்றியிருந்தது. தவறி விழுந்த சாவு இல்லை.

"அதில்ல ஸாரே, நெஞ்சையும் பாருங்க!"

சட்டைப் பட்டன் தெறித்திருந்தது. நெஞ்சு முழுக்கப் பொரிப்பொரியாகத் தடிப்பு. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நகக் கீறல்கள்!

"அது சேரு பட்டதாக்கும் ஸாரே!" கூட்டத்திலிருந்து ஒரு குரல். "ரெண்டு நாளா சொறிஞ்சோண்டு நடந்தான். நாங்கதான் கூட்டீட்டுப் போயி தாணி மரத்தச் சுத்த வச்சோம்."

சேரு என்கிற சேங்கொட்டை மரத்தின் பால் பட்டால் உடம்பு வெந்து தடித்துப் போகும். அதற்கு இந்தப் பக்கத்து வைத்தியம் ரொம்பச் சுலபம். தாணி என்கிற தான்றி மரத்தைத் தேடிப் போய், சுற்றி வந்து, கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். மருந்துக் கடைக்காரனுக்கு மட்டும்தான் நஷ்டம்.

"சுத்தினதுல சொகமாச்சா?"

"இல்ல ஸாரே, கூடுதலாக்கும் ஆச்சு..."

சத்தியதாஸ் ப்ளோரன்ஸைப் பார்த்தார். "இவன் சேரு மரத்துக்கிட்ட எதுக்குப் போனான் பிள்ளே?"

"அவன் எங்க போனான்? கடப்புறத்துல, கடல் மணல்ல பொறந்த பய ஸாரே. சேரு எது, பிலாவு எதுன்னு கேட்டா முழிப்பான். ஜீப்பும் அவனுமா கிடப்பான், அவ்வளவாக்கும்."

"ஆசுத்திரிக்குப் போனானா? ஊசி ஏதாவது போட்டானா?"

"தீனம்னு ஆசுத்திரிப் படியே ஏறினவன் இல்ல ஸாரே. ஊசின்னா ஓடீருவான்."

ஆம்புலன்ஸ் வந்தது. ப்ளோரன்ஸ் அதன் கதவைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெண் போலீஸ் சேர்ந்துதான் விரலைப் பிரிக்க முடிந்தது.

*

பிண அறை.

டாக்டர் ஆனந்தபாய் கையுறையை உருவிப் போட்டார். போலீஸ் அனுப்பும் பிணங்களை வருஷக்கணக்காக அறுத்து அறுத்துச் சலித்தவர். மூக்கைப் பொத்துகிற வழக்கமில்லை. வாயைப் பொத்துகிற வழக்கமும் இல்லை.

"கழுத்தை நெரிச்சுட்டு தண்ணியில போட்டிருக்கு சத்தியதாஸ். நுரையீரல்ல தண்ணி இல்ல. அதொண்ணும் பெரிய காரியமில்ல."

"கொலை பெரிய காரியமில்லையா?!"

"அத விட விசேஷம் ஒண்ணு உண்டு. இந்தத் தடிப்பை சேருன்னு ஆரு சொன்னது?"

"ஊரு முழுக்க."

"ஊருக்கு எம்.பி.பி.எஸ். எப்ப குடுத்தாவ? சேரு பட்டா, பட்ட இடம் மட்டும் கறுத்துக் கொப்புளம் கட்டும். இங்க ஒரு கொப்புளம் உண்டா? நெஞ்சு, முதுகு, தொடை... ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல. உசுரு போனா சிவப்பு மங்கும். சொறிஞ்ச கீறல் மங்காது. இது வெளிய இருந்து பட்டதில்ல. உள்ள இருந்து வந்தது!"

"உள்ள இருந்து... என்னது?"

"ஏதோ ஒரு மருந்து. இவன் மேலுக்கு, ஒடம்புக்கு ஒத்துக்கல."

டாக்டர் பிணத்தின் இடது கையை நிமிர்த்தினார். முழங்கை மடிப்பில் ஒரு சின்னப் புள்ளி. அதைச் சுற்றி மஞ்சளாகிப்போன ரத்தக்கட்டு.

ஊசி குத்திய இடம்!

"நேத்து போட்டதில்ல. நாலஞ்சு நாள் பழசு."

சத்தியதாஸ் நெற்றியைச் சுருக்கினார். "தடிப்பு ரெண்டு நாளாத்தான்னு சொல்லுதாவ. ஒத்துக்காத மருந்துன்னா போட்ட உடனே வர வேண்டாமா டாக்டரம்மா?"

"உடனே வாறது ஒரு வகை. மூச்சு முட்டி, ஆளு அங்கயே சாயுவான். இது வேற வகை. ஊசி போட்டவனும் மறந்து, போட்டுக்கிட்டவனும் மறந்த பெறகு... ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ பைய தலை காட்டும்."

"எந்த மருந்துக்கு இப்படி வரும்?"

"பலதுக்கும் வரும். மாத்திரைக்கு வரும், பென்சிலினுக்கு வரும். கை மடக்குல நரம்பு பாத்துப் போட்டிருக்கதைக் கண்டா... கிட்னியைப் படம் எடுக்கதுக்கு முன்னால, தெளிவாத் தெரியதுக்கு டைன்னு ஒரு சாய ஊசி போடுவோம். அதுக்கும் வரும்."

சத்தியதாஸின் முதுகுத்தண்டு நிமிர்ந்தது.

கிட்னி... படம்... டை ஊசி!

சுகுமாரி செத்த அன்று ராபின்சன் எங்கே இருந்தார்? திருவனந்தபுரத்தில், ஒரு தனியார் எக்ஸ்ரே சென்டரில். காலையில் போய், டை ஊசி போட்டு, விட்டு விட்டுப் படம் எடுத்து, முடியும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. சத்தியதாஸ் தானே நேரில் போய் விசாரித்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண், "ஆமா, இவருதான் வந்து பேரு குடுத்தாரு" என்றாள். உள்ளே படம் எடுத்தவன் போட்டோவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "வயிறுதான் ஸார் எனக்கு வேலை. மூஞ்சி இல்ல" என்றான்.

ராபின்சனுடன் அன்று ஜீப்பில் போனது யார்?

டிக்சன்!

பேரைக் கொடுத்தது முதலாளி. படுத்தது டிரைவர். அந்த இடைவெளியில் ஜீப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெண்டாட்டியைக் கொன்று, திரும்பிப் போய்...

"டாக்டரம்மா! அந்தப் படத்தை வச்சு அது டிக்சனுக்க கிட்னின்னு சொல்ல முடியாதா?"

"முடியும். ராபின்சனையும் ஒருக்கா படம் எடுத்து, ரெண்டையும் எலும்புக்கு எலும்பு ஒத்துப் பாத்தா போரும். சம்மதிப்பாரா?"

"வக்கீலைக் கூட்டீட்டு வருவாரு. டிக்சனுக்க எலும்போட ஒத்தாலும், சென்டர்ல படம் மாறிப்போச்சும்பான். என்ன ஆதாரம்னு கோர்ட்டு கேக்கும். செத்தவனுக்க சொறியைக் காட்டினா சிரிப்பாவ..." சத்தியதாஸ் வாசல்வரை போனார். நின்றார். திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு. இந்த டை போட்டா எல்லாருக்கும் இப்பிடி சிவக்குமா?"

டாக்டர் பதில் சொன்னார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு சத்தியதாஸின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"பிணத்தை வச்சுக்கிட்டு சிரிக்கப்பிடாது சத்தியதாஸ்" என்றார் டாக்டர் ஆனந்தபாய்.

*

ஸ்டேஷனில் போன் அலறிக்கொண்டிருந்தது.

"சத்தியதாஸ்! பத்ரோஸுக்க கஸ்டடி நாளையோட முடியுது. குற்றத்தை ஒத்துக்கிட்டானா இல்லையா?" மேலதிகாரியின் குரல்.

"இல்ல ஸார். எனக்கு ஒரு சந்தேகம்..."

"சந்தேகத்தை உம்ம வீட்டில வச்சுக்கும்! நாளைக்கு மத்தியானம் அவனைக் கோர்ட்டில நிறுத்தி, கொலைகாரன்னு ஒப்படைக்கணும். வெளங்கிச்சா?"

டொக்!

சத்தியதாஸ் லாக்கப்புக்குப் போனார். பத்ரோஸ் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மேல் இருந்த குற்றம் ஒன்றே ஒன்று. அன்று மீன் கொடுக்கப் புழக்கடை வழியாகப் போனான். சுகுமாரியைப் பிணமாகப் பார்த்தான். மீன் பெட்டியையும் சைக்கிளையும் போட்டுவிட்டு ஓடினான். பனச்சமூட்டில், தமிழ்நாட்டுக்குள் கால் வைக்கப் போன நேரத்தில் சத்தியதாஸ்தான் அமுக்கினார். ஓடுகிறவன்தான் கொலைகாரன் என்று அன்றைக்குத் தோன்றியது.

"பத்ரோஸே... டிக்சன் போயிட்டான்."

"கேட்டேன் ஸாரே. வெளிய அவ நெலவிளிச்சது இஞ்ச வரைக்கும் கேட்டுது."

"எனக்கு..."

"அவனையும் நானாக்கும் கொன்னேன்னு எழுதிக்கிடுங்க." பத்ரோஸ் தலையை நிமிர்த்தவே இல்லை. "லாக்கப்புல இருந்தோண்டு எப்பிடி கொன்னேன்னு மட்டும் நீங்க யோசிச்சு எழுதுங்க. நான் ஒப்பு போட்டுத் தாறேன். எனக்கு இனி ஒண்ணும் வலிக்காது."

சத்தியதாஸுக்கு வெட்கமாக இருந்தது. போலீஸ் உத்தியோகத்தில் வெட்கம் வந்தால் இரண்டு வழிதான். ராஜினாமா எழுதலாம். இல்லையென்றால் ஜீப்பை எடுக்கலாம்.

"எலியா! ஜீப்பை எடும்!"

*

ராபின்சனின் வீட்டில் ஜெபக்கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது.

வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி. சபை கமிட்டிச் செயலாளர். வாய் நிறைய வசனம். துக்கம் அவருக்குச் சலவை செய்த சட்டை மாதிரி கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"இரிங்க ஸார். சாயா எடுக்கச் சொல்லட்டா? டிக்சன் எனக்குப் பிள்ள மாதிரியாக்கும். ஒரே வாரத்துல ரெண்டு அடி... கர்த்தர் சோதிக்கிறாரு."

"ஓ, கேட்டேன். கஷ்டம்தான்." சத்தியதாஸ் நாற்காலியில் சாய்ந்தார். "டிக்சன் கேஸ் தனியா போவட்டும். அவன் ஆரோடயோ வழக்காயிருப்பான். நான் வந்தது உங்க வீட்டம்மா விஷயமா. நாளைக்கு பத்ரோஸைக் கோர்ட்டில குடுக்கேன்."

ராபின்சன் மேலே பார்த்தார். "ஸ்தோத்திரம்."

"ஒரே ஒரு சின்ன சடங்கு பாக்கி. அவனுக்க வக்கீல் உங்களயும் இழுப்பான். அன்னைக்கு நீங்க எக்ஸ்ரேயில இருந்ததுக்கு ஒரு உறுதி வேணும்."

"பில்லு உண்டே! படம் உண்டே!"

"அது காகிதம். ஒடம்பு மேல இருக்க அடையாளம் இன்னும் நல்லதாக்கும். டாக்டரம்மா சொல்லுதாவ... அந்த டை ஊசி போட்டா ஒரு வாரத்துக்குள்ள நெஞ்சும் வயிறும் சிவந்து தடிச்சிருமாம். சொறிச்சலான சொறிச்சலாம். போட்டவன் ஒருத்தனும் தப்ப மாட்டானாம். நாளைக்குக் காலையில டாக்டரம்மா அதை ஒரு பார்வை பாத்து எழுதிட்டா, எந்த வக்கீலும் வாயத் தெறக்க மாட்டான்."

ராபின்சனின் கையிலிருந்த சாயா கிளாஸ் பாதி வழியில் நின்றது.

அவர் கண் ஜன்னலுக்கு வெளியே போனது. டிரைவர் இல்லாமல் நின்ற ஜீப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

ஒரு மிடறு சாயா உள்ளே போனது.

"உண்டு... உண்டு ஸார்! நெஞ்சுல தொடங்கிருக்கு. நான் வெயிலுக்காக்கும்னு நெனச்சேன். இப்பல்லா வெளங்குது!"

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்றார் சத்தியதாஸ் இந்த முறை. "இப்பக் காட்ட வேண்டாம். காலையில ஸ்டேஷனுக்கு வாங்க."

வெளியே வந்ததும் எலியா கிசுகிசுத்தார். "இப்பவே ஜிப்பாவைக் கழத்தச் சொல்லிருக்கலாமே ஸாரே?"

"இப்ப ஒண்ணும் இருக்காது எலியா. காலையில இருக்கும்."

*

காலையில் இருந்தது!

ராபின்சன் ஸ்டேஷன் படி ஏறும்போதே இரண்டு கையையும் உடம்பில் படாமல் அகட்டிக்கொண்டு வந்தார். முகம் வீங்கியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் கண்ணில் ஒரு வெற்றி இருந்தது.

வாசலில் ப்ளோரன்ஸ் உட்கார்ந்திருந்தாள். புருஷனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் வண்டிக்காகக் காத்திருந்தாள். ராபின்சன் அவளைத் தாண்டித்தான் உள்ளே போனார்.

"ஜிப்பாவைக் கழத்துங்க" என்றார் டாக்டர் ஆனந்தபாய்.

கழற்றினார்.

எலியா முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார்.

நெஞ்சிலும் வயிற்றிலும் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். கோட்டின் ஓரமெல்லாம் நீர் கோர்த்த கொப்புளங்கள். சில உடைந்து தொப்புள் வரை வழிந்திருந்தன.

டாக்டர் நிதானமாக முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் போனார். முதுகு சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"கை எட்டல போலிருக்கு" என்றார்.

"எ... என்ன சொல்லுதிய?"

"வலது கையை நீட்டுங்க."

நீட்டவில்லை. எலியா பிடித்து நீட்டினார். விரல் நுனி மூன்றும் மை தொட்டது போலக் கறுத்திருந்தது.

"சேருக் கொட்டை!" டாக்டர் கையை விட்டார். "சலவைக்காரரு துணியில குறி போடுத அதே கொட்டை. அதைப் பொளந்து மேல தேச்சிருக்காரு. இது டை இல்ல சத்தியதாஸ். அதுல ஆயிரம் தடவை சத்தியம் பண்ணுவேன்."

"இல்ல!" ராபின்சன் கத்தினார். "எனக்கு டையில வந்தது கம்மியா இருந்துச்சு... டாக்டருக்குத் தெரியாமப் போவும்னு கொஞ்சம் கூடுதலா..."

"கம்மியாவும் வரல. கூடுதலாவும் வரல." சத்தியதாஸ் மேஜை மேல் உட்கார்ந்தார். "டிக்சன் மேல இருந்ததை ஊரே சேருன்னு சொல்லிச்சு. நீங்களும் நம்பினிய. அதுபோலவே வேணும்னு அதையே தேடி எடுத்திய. ஊரு தப்பாச் சொன்னது உங்க நெஞ்சுல கொப்புளமா நிக்குது பாத்தியளா?"

"அதுக்கும் இதுக்கும்..."

"ஸார், இனி நான் ஒரு உண்மை சொல்லட்டா? அந்த டை போட்டா எல்லாருக்கும் சிவக்கும்னு சொன்னேன் இல்லியா... அது பச்சைப் பொய்!"

ராபின்சனின் வாய் திறந்தபடி நின்றது.

"போட்டவங்கள்ல முக்காவாசிக்கு மேல ஒண்ணும் ஆகாது. ஏதோ கொஞ்சம் பேருக்கு வரும். உண்மையிலயே போட்டுக்கிட்ட ஆளா இருந்தா, 'எனக்கு ஒண்ணும் வரலியே ஸார், டாக்டரம்மாவுக்குப் பைத்தியமா'ன்னு கேட்டிருப்பிய. நீங்க கேக்கல. உடனே நம்பினிய! ஏன்? டை போட்ட ஒருத்தனுக்கு மேலு சிவந்ததைக் கண்ணால பாத்திருக்கிய. எனக்க பொய்யை இப்பிடி நம்ப இந்தப் பஞ்சாயத்துல வேற ஒரு ஆளாலயும் முடியாது!"

"அப்போ... நான் வெறும் மேலோட, ஒரு தடிப்பும் இல்லாம வந்திருந்தா..."

"சாயா வாங்கித் தந்து, கை குடுத்து அனுப்பியிருப்பேன். எனக்கு வேற ஒரு வழியும் இல்ல. இப்ப உண்டு. பொய் அடையாளம் காட்டினதுக்கு இஞ்சயே சாட்சி. இதை வச்சுக் கோர்ட்டில உத்தரவு வாங்குவேன். உங்க எலும்பையும் அந்தப் படத்தையும் ஒத்துப் பாப்பேன்."

ராபின்சன் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குச் சொறியத்தான் முதலில் கை போனது. பிறகுதான் அழுகை வந்தது.

அதன் பின்னால் உண்மை எல்லாம் வந்தது. வேறு ஒருத்தி இருந்தாள். விவாகரத்து என்று போனால் சபையில் பதவி போகும், பேரும் போகும். பெண்டாட்டி செத்தால் ஊரே வந்து ஜெபம் பண்ணும். கொஞ்ச நாள் கழித்து அதே ஊரே நல்ல பெண்ணாகப் பார்த்தும் கொடுக்கும்.

"டிக்சன்கிட்ட என்ன சொன்னிய?" சத்தியதாஸ் அவர் பக்கம் குனிந்தார்.

"எனக்கு ஊசின்னா பயம், நீ படுத்துக்கன்னு சொன்னேன். வெளிய தெரிஞ்சா நாணக்கேடு, ஆருட்டயும் சொல்லாதன்னும் சொன்னேன். அவனுக்கும் பயம்தான். எனக்காகப் படுத்தான்... அவன் வெளிய வந்தப்ப நான் திரும்பி வந்து ஜீப்புல உக்காந்திருந்தேன். அவன் சந்தேகமே படல ஸார். சுகுமாரி செத்ததுக்கு என்னை விட அவனாக்கும் அழுதது."

"பெறகு எதுக்குடா அவனைக் கொன்னே?!"

"மேலு தடிச்சது நிக்கல. 'அந்த ஊசி போட்ட பெறகாக்கும் முதலாளி, டாக்டர்கிட்ட போய் சொல்லிப் பாக்கேன்'னு நின்னான்..."

எலியா விலங்கை எடுத்துக்கொண்டு ராபின்சனிடம் போனார்.

சத்தியதாஸ் எழுந்தார். தானே சாவியை எடுத்துக்கொண்டு போய் லாக்கப்பைத் திறந்தார். பத்ரோஸ் உடனே எழவில்லை. நம்பாமல் பார்த்தான்.

"போ மக்கா. வீட்டுக்குப் போ. கோர்ட்டில வந்து நான் சொல்லிக்கிடுதேன். என்னை... மன்னிச்சிரு."

பத்ரோஸ் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

ப்ளோரன்ஸ் அவனைப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நான் சிரிக்கணுமா, நெலவிளிக்கணுமா ஸாரே?" என்று சத்தியதாஸைப் பார்த்துக் கேட்டாள். "ஆசுத்திரியில தம்பி தனியா கெடக்கான். மொதல்ல அவனைக் கூட்டீட்டு வரணும்."

இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்கள். சத்தியதாஸ் எலியாவிடம் கண்ணைக் காட்டினார். போலீஸ் ஜீப் மெதுவாகப் போய் அவர்கள் பக்கத்தில் நின்றது. கொஞ்ச நேரம் தயங்கினார்கள். பிறகு ஏறினார்கள்.

உள்ளே ராபின்சனின் இரண்டு கைக்கும் விலங்கு விழுந்திருந்தது. சொறிய வழியில்லாமல் சுவரில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஸார்... எரியுது ஸார்... தாங்க முடியல. என்னை ஒரு டாக்டர்கிட்ட கொண்டு போங்க!"

"தாராளமா!" சத்தியதாஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "ஆனா இந்தத் தடவை உங்களுக்குப் பதிலா வேற ஆளு படுக்க முடியாது ராபின்சன் ஸார்... நீங்களேதான் வரணும்!"